அக்காவின் வல்லாரைப் பாத்தி

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்ன யாழ்ப்பாணத்து டாக்டர், "அந்த லயத்துத் தண்ணிய இனிக் குடிக்க விடாதேங்கோ" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நமுனுகுல மலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் பிடிக்க இருப்பது ஒரே ஊற்றுப் பீலி. மேலே தேயிலைக்குப் போடும் உரமெல்லாம் மழையில் கரைந்து அந்த ஊற்றில்தான் இறங்கும். வேறு தண்ணீருக்கு எங்கே போவது? சோதனைக்குக் கொடுத்த போத்தல் தண்ணீரில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதாகத் தாள் வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பெரிய படிப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, தண்ணீரிலுள்ள உலோகத்தை உடம்புக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். பீலித் தண்ணீரை நீலப் பீப்பாயில் பிடித்து வெயிலில் வைத்தேன். பத்து நாளில் பச்சைப் பசேலென்று ஆனது. பாசியை அடியில் படியவிட்டு, மேல் தண்ணீரைப் பழைய சேலையில் வடித்துக் காய்ச்சிக் கொடுத்தேன். அது போதுமா என்று தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை.

அக்காவுக்குப் பாசியைக் கண்டாலே ஆகாது. முதல் வாரமே தேங்காய் மட்டையோடு பீப்பாயைத் தேய்க்க வந்துவிட்டாள். அது நஞ்சைக் குடித்த பாசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே பயத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

"தேய்க்காதக்கா, இது சத்துள்ள பாசி" என்றேன்.

"பாத்தா அப்படித் தெரியலையே" என்று மட்டையைக் கீழே போட்டாள்.

படிந்த சேற்றை ஒரு வாளியில் சேர்த்தேன், தூரத்தில் எங்காவது ஆழமாகப் புதைக்கலாம் என்று. வாளி நிறையவே இல்லை. காய்ந்து சுருங்குகிறது என்று நினைத்தேன். மடையன்.

மூன்று மாதம் கழித்து இரத்தச் சோதனை முன்னைவிட மோசமாக வந்தது. அன்று மத்தியானம் அக்கா என் தட்டில் வல்லாரைச் சம்பல் வைத்தாள்.

"சாப்புடு தம்பி, நம்ம பாத்தியில வந்தது. ஒன் பாசியத்தான் அள்ளிப் போடுறேன், சத்து வீணாப் போகுதேன்னு. ஒடம்புக்கு நல்லதுன்னு நான் தெனமும் இதுதான் திங்கிறேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன். தண்ணீரில் கரைந்து கிடந்த நஞ்சை நானே திரட்டிக் கொடுத்திருக்கிறேன். செடி அதை உறிஞ்சியது, அவள் செடியைத் தின்றாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எழுந்து போய் மண்வெட்டியால் பாத்தியைக் கொத்தத் தொடங்கினேன். வீங்கிய காலோடு அக்கா பின்னாலேயே வந்தாள்.

"ஏன்டா, நல்ல கீரையப் புடுங்குற?"

"பூச்சி விழுந்திருக்குக்கா."

நம்பிவிட்டாள். "சரி, விடு. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரிகிட்ட வேணுங்கிறத வாங்கிக்குவோம். அவளுக்கும் ரெண்டு செரட்டை பாசி குடுத்தேன். கீரை நல்லா வருதாம், புள்ளைகளுக்கு ஆக்கிக் குடுக்குறாளாம்."

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். அத்தனை நாள் மறைத்ததையெல்லாம் சேற்றுக் கையோடு நின்று சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.