எரிந்த ஊரின் அடியில்

லண்டன் நகரின் நடுவே, இடித்துத் தள்ளிய ஓர் அலுவலகக் கட்டடத்தின் நிலத்தில் ஏழு மாதம் மண் வெட்டினேன். புதிய கட்டடம் எழும்பும் முன்னர், கீழே கிடந்த ரோமர் காலத்து ஊரை ஆராய ஓர் அகழாய்வுக் குழு வந்திருந்தது. அவர்கள் காட்டும் இடத்தில் வெட்டி, மண்ணை வாளியில் மேலே அனுப்புவது என் வேலை.

அன்று மத்தியானம் குழிக்குள் நானும் ஓர் ஆய்வாளர் பெண்ணும் மட்டுமே நின்றோம். இரண்டு ஆள் ஆழம். அவள் ஒரு பழைய சுவரின் அடிப்பகுதியைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பூச்சில் ஒரு கொக்கு தெரிந்தது. அதன் வால் பக்கம் மட்டும் நிறம் மங்கியிருந்தது.

"அடுத்த அறை சமையலறை. போகிற வருகிற நேரமெல்லாம் யாரோ இதில் கை துடைத்திருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

பார்க்கக் குனிந்தேன். முதுகுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கிய பலகை முறியும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் மண் என்னை வயிறுவரை மூடிவிட்டது.

மேலே வாளி இழுப்பவன் மன்னார்க்காரன். அவன் எட்டிப் பார்த்துக் கத்தினான். "அண்ணை, அசையாதேங்கோ! மற்றப் பக்கமும் வெடிச்சிருக்கு!"

"காலை எடுக்க ஏலாதடா. ஆக்களைக் கூப்பிடு!"

ஏணி அவள் பக்கத்தில் இருந்தது. அவளை ஏறச் சொல்லி மேலிருந்து எல்லோரும் கூவினார்கள். நானும் "போ" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவள் போய்விட்டால் அந்தக் குழியில் தனியாக நிற்க வேண்டுமே என்ற பயம்தான் எனக்கு.

அவள் போகவில்லை. முழங்காலிட்டு, என் வயிற்றைச் சுற்றிய மண்ணைக் கையால் அள்ளினாள். பேசாமல் இருந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"இந்த வீட்டு ஆட்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஊரே எரிந்துபோனது. நீங்கள் நிற்பது அந்தச் சாம்பலில்தான்" என்றாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆனால் இங்கே எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓடியிருப்பார்கள்."

"இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றேன்.

சொன்னாள். அப்போது மற்றப் பக்கமும் சரிந்தது. கொக்குச் சுவர் உடைந்து விழுந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத் தன் கைகளால் மூடிப் பிடித்தாள்.

தீயணைப்புப் படையினர் முட்டுக் கொடுத்து என்னை வெளியே எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. எலும்பு முறியவில்லை. தொடை மட்டும் கறுத்து வீங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவள் என்னைப் பார்க்க வந்தாள்.

"உங்களைப் போகச் சொல்லாமல் விட்டேன். பயந்துவிட்டேன்" என்றேன்.



"நான் போகத்தான் பார்த்தேன்" என்றாள். "ஏணியைக்கூடப் பிடித்துவிட்டேன். கால் எழும்பவில்லை."