நாற்பது மூக்கும் ஒரு காதும்

2006-ஆம் வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். கடலூரிலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், மேல வீதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் போட்டோஷாப் படித்துக்கொண்டிருந்தேன். கடலூரில் இல்லாத சென்டரா என்று அப்பா கேட்டார். இங்கே போட்டோவுக்குக் கலர் மாற்றத்தான் சொல்லித் தருவார்கள், அங்கே மவுஸைப் பிடித்து ஆள் முகமே வரையச் சொல்லித் தருகிறார்கள் என்று அடம்பிடித்துச் சேர்ந்தேன். டிகிரி முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள் நான். கையில் ஒரு வித்தை வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மண்டைக்கனத்தை முதலிலேயே ஒப்புக்கொள்ளாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். முகத்தை மொத்தமாக வரையக் கூடாது. கண் ஒரு லேயர், மூக்கு ஒரு லேயர், உதடு ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி இருக்கும். பிடிக்காத தாளை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம், மற்றவை அப்படியே இருக்கும். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். காலண்டர், வாரப் பத்திரிகை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பம் என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து, கண்ணுக்கு ஒரு ஃபோல்டர், மூக்குக்கு ஒரு ஃபோல்டர் என்று சேர்த்து வைத்தேன். மூக்கு மட்டும் நாற்பது இருந்தது. கூடப் படித்த பெண்கள் என் கம்ப்யூட்டரை மூக்குக்கடை என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை பஸ்ஸில், என் தோழியைக் கல்யாணப் பெண்ணாக வரைந்து பிரிண்ட் எடுத்ததை அவளிடமே காட்டி அலட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். புதுச்சத்திரம் தாண்டி ஏறுவார், சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தினமும் பார்க்கிற முகம்தான், பேசியதில்லை. அன்றைக்கு அந்தப் படத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோ இல்லாத ஆள வரைய முடியுமா தங்கச்சி?"

முடியும் என்றேன். யாரை என்றுகூட நான் கேட்கவில்லை.

பிறகு அவராகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தபோது, அவருடைய நாலு வயது மகள் போய்விட்டாள். இவருக்குக் கால் உடைந்து கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வருவதற்குள் குழந்தையை மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்திருந்தார்கள். கடைசியாக முகத்தைப் பார்க்கவில்லை. வீடு இருந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, போட்டோ மட்டும் எப்படி மிஞ்சும்? இப்போது கட்டிக்கொடுத்திருக்கும் புது வீடுகளில், ஆள் போன வீட்டிலெல்லாம் சுவரில் ஒரு படமும் மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் உண்டாம். இவர் வீட்டுக்காரரும் படம் மாட்ட ஓர் ஆணி அடித்து வைத்தாராம். மாட்டத்தான் படமில்லை.

"ஆணிக்குத்தான் வெளக்கு ஏத்துறேன்" என்றார்.

ரெண்டாம் வருஷ நினைவு நாளுக்குள் அந்த ஆணியில் ஒரு படம் மாட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. டிசம்பருக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அது எனக்குத் தாராளமான நேரமாகத் தெரிந்தது.

மறுநாள் அவர் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு போட்டோ கொண்டுவந்தார். புவனகிரியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. மேடையில் மாப்பிள்ளை, பெண்ணைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். அக்கா ஓரமாக நிற்கிறார். அவர் பக்கத்தில் மகள் நிற்கிறாள், ஆனால் யாரோ ஒரு பெரியவரின் தோள் குறுக்கே வந்து முகத்தை மறைத்துவிட்டது. தெரிவது ஒரு காது, அதில் ஒரு கம்மல், பாதிப் பின்னல், அதில் கனகாம்பரம், அக்காவின் புடவையைப் பிடித்திருக்கும் ஒரு கை. அவ்வளவுதான். இவ்வளவு கிடைத்ததே போதும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

சென்டரில் எங்கள் சார் நல்ல மனிதர். மூன்று மணிக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கிறது, அந்தம்மாவை உட்காரவைத்துச் செய் என்று சொல்லிவிட்டார். அக்கா டூட்டி முடிந்து நேராக வருவார். ஆஸ்பத்திரி பினாயில் வாசனையோடு என் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்காருவார். முதல் நாள் அந்தக் காதை மட்டும் ஸ்கேன் செய்து திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் எழுந்து நின்று மானிட்டரைத் தொட்டார். அந்தக் கம்மல் ஜோடியில் இன்னொன்றைக் குழந்தை தொலைத்துவிட்டதாம், மற்றொரு காதில் வேறு கம்மல்தான் இருந்ததாம். சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு முகத்தை ஆரம்பித்தேன். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும் என்றார். உதடு? தூங்கும்போது லேசாகத் திறந்திருக்கும், எச்சில் ஒழுகும். கண்? எதையாவது ஒளித்துவைத்திருந்தால் நம்மை நேராகப் பார்க்க மாட்டாள். இப்படியே சொல்லிக்கொண்டு போனார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அதெல்லாம் வேணாம்க்கா. மூக்கு நீளமா, சப்பையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் தன் முகத்துக்கு முன்னால் கையைக் கொண்டுபோய் ஏதோ தடவிப் பார்ப்பதுபோல் செய்தார். பிறகு கையை இறக்கிவிட்டார். நான் மூக்கு ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்துக் காட்டத் தொடங்கினேன். இதுவா அக்கா? இது? இதைவிடக் கொஞ்சம் சின்னதா? கண் டாக்டர் கண்ணாடி மாற்றி மாற்றிக் கேட்பாரே, அந்த மாதிரி. முதலில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று பட்டென்று சொன்னார். ஏழாவதோ எட்டாவதோ வந்தபோது யோசித்தார். இருபது தாண்டியபோது, முதலில் காட்டியதை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

மூன்று நாளில் ஒரு முகம் தயாரானது. கன்னத்தை உப்ப வைத்தேன், நெற்றியில் பொட்டு வைத்தேன். கண்ணை அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கினேன், அழகாக இருந்ததால். பிரிண்ட் எடுத்துக்கொடுத்து வீட்டில் காட்டச் சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் முகம் வாடி வந்தார். வாய் இப்படியில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வாய் சரிதான், கண்தான் வேறு என்று நாத்தனார் சொல்லியிருக்கிறார். பேச்சு வளர்ந்து, பெத்தவளுக்கே தெரியலையா என்று நாத்தனார் கேட்டுவிட்டாராம். வீட்டுக்காரர் பிரிண்ட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ அது பரீட்சையில் மார்க் குறைந்த மாதிரி ரோஷமாகிவிட்டது. வாயைத் தூக்கிவிட்டு வேறு வைத்தேன், கண்ணை மாற்றினேன், கண் மாறியதும் புருவம் ஒட்டவில்லை, அதையும் மாற்றினேன். மழை விடாமல் பெய்தது. பஸ் லேட்டாகும், அவர் நனைந்துகொண்டே மாடி ஏறி வருவார். இன்றைக்கு எதைப் பார்க்கணும் என்று அவராகவே கேட்பார். குழந்தையைப் பற்றிச் சொல்வது மெல்ல மெல்ல நின்றுபோயிருந்தது. கோபம் வந்தால் மூக்கு சிவக்கும் என்பதை அதற்கப்புறம் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் எதைக் காட்டினாலும் சரி, சரி என்று தலையாட்டத் தொடங்கினார். நல்லவேளை, வேலை முடியப்போகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்தாவது நாள் படம் முடிந்தது. முடியை ஒவ்வொரு இழையாகப் பிரஷ்ஷால் வரைந்திருந்தேன். போட்டோவில் இருந்த அதே காது, அதே கம்மல், அதே கனகாம்பரம். சார் வந்து பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிற குழந்தை மாதிரி இருக்கிறது என்றார். மற்ற பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். மூன்றேகாலுக்கு அக்கா வந்தார். எல்லோரும் விலகி அவருக்கு வழி விட்டோம்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்து நான் தயாராக நின்றேன். அவர் அழவில்லை.

"இது யாருன்னு தெரியல தங்கச்சி" என்றார்.

மூக்கை வேண்டுமானால் மாற்றிப் பார்க்கலாம் என்று நான் மவுஸை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி கண்ண மூடுனா அவ வருவா. மூக்கு தனி, கண்ணு தனின்னு வர மாட்டா, முழுசா வருவா. ஓடியாருவா. இப்ப நாலு நாளா கண்ண மூடுனா இதுதான் வருது."

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள்.

"இத அழிச்சிடு" என்றார்.

அழித்தேன். லேயர் லேயராக வைத்திருந்த கோப்பு, இடையில் எடுத்துவைத்த நகல்கள், எல்லாவற்றையும் அவர் பார்க்கப் பார்க்க அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் கிடந்ததையும் காலி செய்தேன். அழித்தாயிற்று அக்கா என்றேன். அவர் அந்த நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரட்டும், வந்துவிடட்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

கல்யாணப் போட்டோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வரேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸை மாற்றினேன். அவர் ஏறும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் போகத் தொடங்கினேன். அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு ஒருநாளும் வரவில்லை. அந்த வருடம் டிசம்பரில், அந்தத் தேதியில், வீட்டில் படுத்தபடியே அந்த ஆணியை நினைத்துக்கொண்டிருந்தேன். கோர்ஸை முடித்தேன். சர்டிஃபிகேட் வாங்கினேன். அப்பா அதை ஃப்ரேம் போட்டு மாட்டினார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நாலு வருடம் போயிற்று. கல்யாணமாகி, கடலூரிலேயே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். 2010 டிசம்பர் நடுவில், அந்த அக்காவின் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊரில் போனவர்கள் எல்லோருடைய படத்தையும் போட்டு நினைவு நாளுக்கு ஒரு பெரிய பேனர் வேண்டும் என்று ஒரு கவரும் ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். பட்டியலில் ஒரு குழந்தையின் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். கவரில் அதற்குப் படம் இல்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்களில் ஒருவர் சொன்னார்.

"அதுக்குப் படம் கெடையாதும்மா. ஒரு ரோஜாப்பூ போட்டுருங்க."

அவுங்க அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். இருக்காங்க என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்கள் போனபிறகு வீட்டிலிருந்த என் பழைய சிடிகளை எடுத்துவந்து தேடினேன். அந்தக் காதை ஸ்கேன் செய்த கோப்பு ஒன்றில் இருந்தது. அன்றைக்கு இதை மட்டும் அழிக்க விட்டுப்போய், கோர்ஸ் முடிந்தபோது மற்ற கோப்புகளோடு சிடியில் ஏறியிருக்கிறது. ஒரு காது, ஒரு கம்மல், பாதிப் பின்னல். பேனரில் அந்தக் குழந்தைக்கான கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. உடனே பயம் வந்துவிட்டது. மறுபடியும் யாரையும் கேட்காமல் நானாக அந்தப் பிள்ளையின்மேல் கை வைக்கிறேனே என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். ரோஜாப்பூவும் வைக்கவில்லை. கட்டத்தை வெள்ளையாக விட்டு, அடியில் பெயரை மட்டும் எழுதினேன். ஏதோ விட்டுப்போயிருக்கிறதே என்று முதலாளி கேட்டார். விட்டுப்போகவில்லை, அப்படித்தான் என்றேன்.

அந்தக் குழந்தையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நான் வரைந்து அழித்த அந்த முகம், பெரிய கண்ணோடு, இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு வருகிறது. அந்த அக்காவுக்காவது அது வராமல் போய், அவருடைய மகள் பழையபடி முழுசாக ஓடி வருகிறாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல், பஸ்ஸில் யோசிக்காமல் சொன்ன அந்த 'முடியும்' என்ற ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.