வெயிலில் கறுத்த களிம்பு

“…மணிக்கட்டோட எடுத்தாக்கூட எடுத்துக்கங்க டாக்டரம்மா. இந்தப் பெருவெரலையும் பக்கத்து வெரலையும் மட்டும் விட்டுருங்க” என்றார் நாகலட்சுமி.

“மணிக்கட்டோட எடுத்தா வெரலு எதுலம்மா ஒட்டிக்கிட்டு இருக்கும்?” என்றார் டாக்டரம்மா.

எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதுதான் வேலை. ஜனங்களுக்கு நான் கம்பவுண்டர். திருச்சுழி, நரிக்குடி பஸ்ஸெல்லாம் வந்து நிற்க நிற்க வரிசை நீளும். முள் குத்திய கால், அரிவாள் பட்ட கை, ஆறாத சர்க்கரைப் புண். நின்று நின்று மதியத்துக்குள் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். புண்ணின் வாடை சட்டையோடு வீட்டுக்கும் வரும்.

நாகலட்சுமி நெசவு வீட்டுப் பெண். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு முடிந்தால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். பாவு பிணைப்பது என்பார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதற்குக் கருவி. தெருவில் எந்தத் தறிக்கும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். சாயம் காய்ச்சிய அண்டா சரிந்து அந்த வலது கை வெந்துவிட்டது.

இப்போது நானோ வெள்ளி ஏற்றிய கட்டுத்துணி வந்துவிட்டது என்கிறார்கள்; அடிக்கடி பிரிக்க வேண்டாமாம். அன்று எங்களிடம் இருந்தது சில்வர் சல்ஃபாடயஸின். வெள்ளி கலந்த வெள்ளைக் களிம்பு. அதைக் கனமாகப் பூசி, விரலுக்கு விரல் தனியாகக் காஸ் துணி சுற்ற வேண்டும். சேர்த்துச் சுற்றினால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும். தினமும் கழுவி மறுபடி பூச வேண்டும். ஊர்ப் பொங்கலுக்கு நடுவில் வர முடியாது என்றதால் களிம்பைக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தபோது கட்டே இல்லை. கை முழுக்கக் கறுத்து, பொருக்குத் தட்டியிருந்தது.

வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, “கறுத்துட்டா அப்புறம் எடுக்குறதுதான்” என்று சொல்லிவைத்தார். அதைக் கேட்டுத்தான் நாகலட்சுமி அப்படிக் கெஞ்சினார்.

டாக்டரம்மா கையை முகர்ந்து பார்த்தார். அழுகல் வாடை இல்லை. நாகலட்சுமியின் கணவர் ரங்கசாமியிடம், “வீட்ல என்ன பண்ணுனீங்க?” என்றார்.

“நீங்க குடுத்ததத்தாம்மா பூசுனேன். ஈரமாவே இருந்துச்சு. அதான் கட்டப் பிரிச்சு, தெருவுல பாவு நீட்டியிருந்த பக்கத்துலயே கட்டிலப் போட்டு, கைய வெயில்ல காய வச்சேன்.”

“வெயில்லயா?”

“கஞ்சி போட்ட பாவ வெயில்லதானம்மா காய வைப்போம்? ஈரத்தோட விட்டா இழை ஒட்டிக்கிருமே. வெரலு ஒட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?”

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளி மருந்து வெளிச்சம் பட்டால் கறுக்கும். கறுத்தது மருந்தா, சதையா? கழுவினால்தான் தெரியும்.

கையைச் சலைன் உப்புநீரில் ஊறவைத்தேன். “கண்ண மூடிக்கங்கம்மா” என்றேன்.

“மூட மாட்டேண்ணே. போறதப் பாத்துக்கிர்றேன்.”

பொருக்கு ஓரத்திலிருந்து கழன்றது. பெருவிரலடியில் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. லேசாக ரத்தம் கசிந்தது; சதைக்கு உயிர் இருக்கிறது. எங்கள் வேலையில் அந்த ரத்தத்தைப் பார்த்தால்தான் மூச்சு வரும். புறங்கையில் ஓரிடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அது ஆற மாசக்கணக்காகும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்தைக் கொடுத்தால், வீட்டில் அதை என்ன செய்யப்போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மனுசன் தன் தொழிலை வைத்துத்தான் புண்ணையும் புரிந்துகொள்கிறான்.

“ரெண்டு வெரலையும் சேருங்க. எதையாச்சும் கிள்ளிப் பிடிங்க, பாப்போம்” என்றார் டாக்டரம்மா.

நாகலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற ரங்கசாமியின் முழங்கைச் சதையைப் பிடித்தார்.

“இன்னுங் கொஞ்சம் அழுத்து புள்ள” என்றார் அவர், கண் கலங்கி.

நாகலட்சுமி அழுத்தினார், பிறகு, வெயிலில் காய வைத்ததற்கும் சேர்த்து, நன்றாக ஒரு திருகு திருகினார்.