அம்மாவிடம் அட்டை கேட்ட நாள்

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு பள்ளம். ஒரு மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ரேஷன் கார்டு கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி: யாருடையது, எண் என்ன, அசல் எங்கே, நகல் எங்கே. மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எது எப்படிக் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அசல்களை எல்லாம் பேங்க் லாக்கரில் வைத்தேன். அம்மாவின் வாக்காளர் அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, அளவாக வெட்டி, லேமினேட் செய்து அவள் பர்ஸில் போட்டேன். அசலைவிடப் பளபளவென்று இருந்தது.

அம்மா ஒரு அரசுப் பள்ளியில் ஆயா. எங்கள் வாக்குச்சாவடியும் அந்தப் பள்ளிதான். தேர்தலுக்கு முதல் நாள் பெஞ்சுகளை ஓரம் தள்ளித் தரையைத் துடைத்தவள் அவள். தேர்தலன்றும் காலையிலிருந்து அங்கேயே இருந்தாள். ஆனால் ஓட்டுப் போடவில்லை, நான் வந்ததும் சேர்ந்து போடலாம் என்று காத்திருந்தாள். விடுமுறை நாளிலும் ஓர் அவசர வேலை என்னைப் பிடித்துக்கொள்ள, நான் போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால்.

ஓட்டு அம்மாவுக்குச் சின்ன விஷயமில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு தேர்தலில், வேலை முடித்துச் சாயங்காலம் போனவளிடம், "உங்க ஓட்டு போட்டாச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒருத்தி அவள் பெயரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்து மை இல்லாத விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்பா அப்போது இருந்தார்.

"விடு, ஒரு ஓட்டுதானே" என்றார்.

"எங்கிட்ட இருந்ததும் அந்த ஒண்ணுதானே" என்றாள்.

வரிசை மெதுவாக நகர்ந்து எங்கள் முறை வந்தது. வண்டிக்காக லாக்கரில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்த ஓட்டுநர் உரிமத்தை நான் காட்டினேன். அம்மா தன் பளபளப்பான அட்டையை நீட்டினாள். மேஜையில் இருந்த கன்னடக்கார அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"அம்மா, இது ஜெராக்ஸ். ஒரிஜினல் பேக்கு, ஒரிஜினல் வேணும்."

"என் பொண்ணு செஞ்சது சார். இன்ஜினியர்" என்றாள் அம்மா, அதுவே ஒரு சான்று என்பதுபோல.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜென்ட் எங்கள் தெருக்காரர். "என்ன சார், காத்தாலேந்து ஆயா கையால மூணு டீ குடிச்சீங்க. இப்ப யாருன்னு கேக்குறீங்களே?"

அதிகாரிக்கு முகம் சிவந்தது. அம்மா ஏஜென்ட் பக்கம் திரும்பினாள்.

"நீ சும்மா இருப்பா. அவரு கேக்கட்டும். அன்னிக்கு என் பேர்ல எவளோ வந்தாளே, அவள எவனாவது கேட்டானா?"

ஏஜென்ட் தன் கையிலிருந்த வாக்காளர் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. லாக்கர் பூட்டியிருக்கும், பேங்குக்கு விடுமுறை. வாக்குப்பதிவு முடியும் ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. அவள் ஓட்டு இரண்டாவது முறையாகப் போகப்போகிறது, இந்த முறை என்னால்.

வரிசையிலிருந்து ஒதுங்கி நின்று, வேறு எந்தெந்த அட்டைகள் செல்லும் என்பதை மனத்துக்குள் ஓட்டினேன். ஆதார், லாக்கர். பான், லாக்கர். பாஸ்போர்ட், எடுக்கவே இல்லை. ஓட்டுநர் உரிமம், அம்மாவுக்கு சைக்கிள்கூட வராது. அரசு ஊழியர் அட்டை.

"அம்மா, உன் ஸ்கூல் கார்டு எங்க?"

"அது எதுக்குடி? பெல்லுக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது."

தரை துடைக்கும்போது கயிறு வாளியில் விழுகிறது என்று அவள் அதைக் கழுத்தில் போடுவதே இல்லை. என் பட்டியலில் அதற்கு வரியும் இல்லை. அழுக்குக் கயிறும் மங்கிய பிளாஸ்டிக்குமாக இருந்த அதை நான் ஆவணமாகவே நினைத்ததில்லை.

இடுப்பிலிருந்த சாவியோடு போய், பெல் இருக்கும் அறையைத் திறந்து எடுத்துவந்தாள். அதிகாரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். படத்தில் கறுகறுவென்று முடி, தலை நிறையக் கனகாம்பரம், பெரிய பொட்டு. எதிரே நின்றவள் நெற்றியில் ஒன்றுமில்லை.

"இது நீங்கதானா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"நான்தான் சார். அப்ப அவரு இருந்தாரு" என்றாள், அவளும் கன்னடத்தில்.

அவர் அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மை வைக்க விரலை நீட்டச் சொன்னார்கள். புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டினாள்.

அடையாளம் கேட்க வேண்டுமா என்று ஆபீஸில் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கத்தான் வேண்டும் என்று சொல்கிறேன். அந்தப் பழைய சாயங்காலத்தில் யாராவது கேட்டிருந்தால் அம்மாவின் ஓட்டு அவளுக்கே கிடைத்திருக்கும். ஆனால் பெல்லுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க ஓர் அட்டை இல்லாதவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். கேட்பவர்கள் முதலில் எல்லோர் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

மறுநாள் வாக்காளர் அட்டையை லாக்கரிலிருந்து எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தேன். பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். "அந்த ஸ்கூல் கார்டையும் குடும்மா, பத்திரமா வைக்கிறேன்" என்றேன்.

"உன் பத்திரம் தெரியாதா" என்றாள். "அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

அசல் எங்கே என்ற கட்டத்தில், ஆணி என்று எழுதினேன்.