உதிரிப்பாகம் கிடைக்காத ஜீப்

சுனாமியில் தோணியையும் வலையையும் இழந்தவர் என் கணவர். யுத்தம் முடிந்தபின், ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பழைய ஜீப்பை வாங்கினார். எங்கள் ஊரான கதிரவெளியிலிருந்து மட்டக்களப்புக்கு மீன் ஏற்றிப் பிழைக்கலாம் என்று நினைத்தார். எங்கள் பக்கம் அந்த வகை ஜீப் வேறு யாரிடமும் இல்லை. அதுவே அவருக்குப் பெருமை.

சில மாதங்களில் கியர்பெட்டி உடைந்தது. மட்டக்களப்பு நகரில் புளியந்தீவு உதிரிப்பாகக் கடைக்காரர், "அண்ணன், இந்த மொடலுக்கு இஞ்ச சாமான் எடுக்க ஏலா" என்று கையை விரித்தார். கொழும்புக்குப் போயும் என் கணவர் வெறுங்கையோடுதான் திரும்பினார். ஜீப் வேலியோரம் நின்று துருப்பிடித்தது.

"கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டு வாறன். வந்து வேற வாகனம் எடுப்பம்" என்றார். போன இடத்தில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தார்.

அண்மையில் மகள் ஒரு பழைய வான் வாங்க ஆசைப்பட்டாள். "முதல்ல சாமான் கிடைக்குமா எண்டு கடையில கேளு மகள்" என்றேன்.

"கேட்டுட்டன் அம்மா, ரெண்டு கடையிலயும் இருக்காம்" என்றாள்.

அதன் பிறகே வானைப் பார்க்கப் போனோம். ஜீப் வாங்கிய அன்றைக்கே இப்படிக் கேட்கத் தெரிந்திருந்தால், அவரும் எங்களோடு வந்திருப்பார்.