பெயின்ட் பூசாத தகடு

கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற ஓட்டுயிர் எங்கே, எவ்வளவு ஒட்டும் என்று முன்கூட்டியே கணிப்பது என் வேலை. அதை ஒட்டவிடாத எங்கள் கம்பெனி பெயின்ட்டைச் சோதிக்க, நான் பிறந்த முகத்துவாரக்குப்பத்துத் தண்ணீரிலேயே தகடுகளைத் தொங்கவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, பெயின்ட் பூசாத தகடு ஒன்றும் இருந்தது. அதில் கொட்டலசு அப்பிக் கிடக்கும் என்பது என் கணிப்பு.

சில மாதம் கழித்து, மீன்பிடிக்கும் அப்பாதான் தன் படகிலிருந்து கயிற்றை இழுத்தார். பெயின்ட் பூசாதது உட்பட எல்லாத் தகடுகளும் துடைத்துவிட்டதுபோல் வந்தன.

"வலைல ஒண்ணியும் காணோம், போவுது வுடு. உன் பெயின்ட்டாவது ஜெயிச்சிட்ச்சே கண்ணு" என்றார்.

அவர் தடவிக்கொண்டிருந்தது பெயின்ட் பூசாத தகடு.

என் கணிப்பில் தவறு ஒன்றுதான். ஆலைக் கழிவு ஓடும் அந்தத் தண்ணீரில், ஒட்டுவதற்கு ஏதாவது உயிரோடு இருக்கும் என்று நம்பிவிட்டேன்.