சித்தி தைத்த முன்னறைத் திரை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, செராசில் இருந்த தன் புருஷன் வீட்டிலிருந்து சித்தி எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். லீவுக்கு வருகிறவர்கள் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று நான் கேட்கவில்லை. என் பள்ளி விடுமுறை முடிந்தும் சித்தியின் லீவு முடியாததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான்.

எங்களுடையது தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. முன்னறை ஜன்னலுக்கும் ரோட்டுக்கும் நடுவே அப்பாவின் கார் நிற்கும் இடம் மட்டும்தான். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று அந்த ஜன்னலோரத்தில்தான் சித்தி மிஷினைப் போட்டாள். போகிற வருகிறவர்களின் கண்ணிலும் விழுந்தாள்.

பெரிய மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். கோயில் கமிட்டியில் இருந்தவர். எங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன சாயம் அடிப்பது என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் அப்பா முடிவு செய்வார். தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை, மாமா தன் வேனிலிருந்து பெரிய துணிச்சுருள் ஒன்றை இறக்கினார். காப்பிக்கொட்டை நிறம், போர்வை மாதிரி கனம்.

“இதுல கர்ட்டன் தெச்சு முன்னால போடு. தெறந்து வெக்காத. இவ திரும்பிப் போற வரைக்கும் நாலு பேருக்குத் தெரிய வேணாம்லா,” என்றார் அம்மாவிடம். ‘இவ’ அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சித்தி எழுந்து வந்து துணியைத் தடவிப் பார்த்தாள். “நல்ல துணிண்ணே,” என்றாள். மாமா நிம்மதியாகப் போனார்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், மாம்பழ மஞ்சளில் வலைத்துணி வாங்கினாள். அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். நகத்தில் வைத்திருந்த மருதாணிகூடத் தெரிந்தது.

“சித்தி, இதுல எல்லாம் தெரியுமே?”

“தெரியட்டும்டி.”

பழைய பேப்பரை மூன்று அரைவட்டங்களாக வெட்டி, ஜன்னலின் மேற்பக்கம் ஒட்டிப் பார்த்தாள். என்னை வாசல் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து “எப்படி இருக்கு?” என்று கத்துவாள். நடுவில் இருப்பது இன்னும் கொஞ்சம் கீழே இறங்கட்டும் என்று நான் கத்துவேன். எதிர்வீட்டுச் சீன ஆன்டி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, இடப்பக்கம் ஏறியிருக்கிறது என்று கையால் காட்டினார். சித்தி அதையும் சரி செய்தாள். ஒளிக்க வேண்டிய விஷயத்துக்கு நாங்கள் தெருவையே கூட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு மாமாவின் துணியை விரித்துக் குறுக்காக வெட்டினாள். அப்படி வெட்டினால்தான் துணி வளைந்து தொங்குமாம். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணன் கேட்டா என்னடி சொல்றது?”

“அவர் குடுத்த துணியிலதான் தெக்கிறேன்னு சொல்லு.”

ஜன்னலை மூட வந்த கனத்த துணி, ஜன்னலின் நெற்றியில் மூன்று வளைவுகளாக, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. எங்கள் ஊர்க் கடைகளில் அதை ஸ்கேலப் என்பார்கள். மீதித் துணியில் பட்டை தைத்து, மஞ்சள் திரையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினாள். நடுவில் ஜன்னல் முழுதாகத் திறந்து கிடந்தது. கர்ட்டன் என்றால் அழகான பக்கம் வீட்டுக்குள்ளும், அடிப்பக்கம் ரோட்டுக்கும் இருக்கும். சித்தி இரண்டு பக்கமும் நல்ல பக்கமாகவே தைத்திருந்தாள்.

தீபாவளியன்று மாமா வந்தபோது முன்னறை நிறைய விருந்தாளிகள். சித்தி ஜன்னலோரம் புதுச்சேலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான் மூடுறதுக்குத் துணி வாங்கிக் குடுத்தேன்.”

“மூடுற மாதிரி நான் என்னண்ணே பண்ணிட்டேன்?”

“ரோட்டுல போறவன்லாம் பாக்குறான்.”

“பாக்கட்டும்,” என்றாள் சித்தி. குரலைத் தாழ்த்தவில்லை. “செராஸ் வீட்டுல நல்ல தடிப்பான கர்ட்டன்தான். எப்பவும் மூடியேதான் இருக்கும். உள்ள என்ன நடந்துச்சின்னு ஒருத்தரும் பாக்கல. நீங்களும் பாக்கல.”

நான் முறுக்கைக் கடித்தபடி, சித்தி பக்கம் பேச இதுதான் நேரம் என்று, “செராஸ் கர்ட்டனைவிட எங்க கர்ட்டன்தான் அழகு!” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சித்தி மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மாமா சாப்பிடாமல் திரும்பினார். அவர் கோபித்துக்கொண்டு போனால், அம்மா வேன்வரைக்கும் ஓடிப்போய்க் கெஞ்சி அழைத்து வருவதுதான் வழக்கம். அன்று அம்மா நகரவில்லை. வாசலில் நின்றிருந்த அடுத்த விருந்தாளிகளை, “வாங்க, உள்ள வந்து உக்காருங்க,” என்றாள்.

சித்தி செராசுக்குத் திரும்பவே இல்லை. மாமா எங்கள் வீட்டுக்கு மறுபடி வர இரண்டு தீபாவளி ஆயிற்று.

மாமா சாப்பிடாமல் போன அந்தத் தீபாவளியன்று மாலை நான் ரோட்டில் நின்று, போகிறவர்களை நிறுத்தி, எங்கள் ஜன்னலைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் நின்று பார்த்தார்கள். எங்கள் கர்ட்டனைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.